பிளாக்பள்ளி முதல் ராக்கு வரை: ஏழையின் நோயைப் பற்றிச் சில புத்தகங்கள்

இன்று சிவாஜிநகர் என்று வழங்கும் வட்டாரத்திற்கு முன்னாளில் பிளாக்பள்ளி என்று பெயர். வெள்ளை அரிசி விளைந்த ஊர் என்று பொருள்படும் ‘பிளி அக்கி பள்ளி’ என்ற கன்னடப் பெயரே ஆங்கிலேயர் வாயில் இப்படித் திரிந்தது என்பார்கள். தண்டுப் பகுதியை அளந்து அமைத்த பிளாக்கிஸ்டன் என்ற ராணுவ எஞ்சினியரின் பெயரிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. பெயர் எப்படி வந்திருந்தாலும், அங்கே குடியேறியவர்கள் யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. சீரங்கப்பட்டணத்துக் கொசுவும் காய்ச்சலும் தாங்காமல் ஆங்கிலேயப் படை 1809-ம் ஆண்டில் பெங்களூருக்கு இடம் மாறியபோது, அந்தப் படையோடு சிப்பாய்களாகவும் சமையற்காரர்களாகவும் குதிரைக்காரர்களாகவும் சுமை தூக்குகிறவர்களாகவும் வந்த தமிழர்கள்தான் அவர்கள். வட ஆற்காட்டிலிருந்து வந்தவர்கள் அதிகம்.

துரைமார்களுக்குப் பெரிய தோட்டங்களுடன் பங்களாக்கள் கிடைத்தன. அவர்களுக்கு ஊழியம் செய்தவர்களுக்கு ஒன்றோடொன்று ஒட்டிய மண் சுவர் வீடுகளும், இருவர் சேர்ந்து நடக்க முடியாத சந்துகளும் கிடைத்தன. அந்தச் சந்துகளில் சில பெயர் மாறி இன்றும் இருக்கின்றன. ரஸல் மார்க்கெட்டின் பின்பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சந்துகள் ஒரு புத்தகத்திற்குக் காரணமாயின. அதற்குப் பின்னும் ஏழையின் உடல்நலத்தைப் பற்றிப் பேசும் வேறு சில நூல்களும் ஆராய்ச்சிகளும் பெங்களூரோடு தொடர்பு கொண்டு பிறந்தன. எல்லாமே ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. ஆனால் அவை யாரைப் பற்றி எழுதப்பட்டனவோ அவர்களில் பெரும் பங்கு தமிழும் கன்னடமும் பேசும் கூலிக்காரர்கள். தம்மைப் பற்றி என்ன எழுதப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு உரிமை இருக்கிறதல்லவா?

எலி வராத வீடு

ஹாங்காங்கில் 1894-ம் ஆண்டில் பரவிய பிளேக் நோய், 1896-ல் பம்பாய்க்கு வந்தது. அங்கிருந்து ரயில் பாதை போன திசையெல்லாம் போய், 1898 ஆகஸ்டில் பெங்களூரை எட்டியது. நகரம் கலகலத்துப் போயிற்று. மூட்டை முடிச்சுகளுடன் ஜனங்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். நோய் கண்டவர்களையும் அவர்கள் வீட்டாரையும் ஊருக்கு வெளியே முகாம்களில் கொண்டுபோய் வைத்தார்கள். பிளேக் தடுப்பு வேலைகளை உடனுக்குடன் கவனிப்பதற்காகவே பெங்களூரில் டெலிபோன் கம்பி போடப்பட்டது என்பது இன்று பலருக்கு வியப்பாக இருக்கும். ஜனங்கள் மாரியம்மனைக் கும்பிட்டார்கள். பெங்களூரிலும் கோயம்புத்தூரிலும் ‘பிளேக்’ என்ற ஆங்கிலச் சொல்லையே பெயரில் தாங்கி நிற்கும் அம்மன் கோயில்கள் அந்த நாளின் பயத்திற்குச் சாட்சி.

பிளேக் கிருமியை யெர்சின் என்பவர் 1894-லேயே கண்டுபிடித்துவிட்டார். அந்தக் கிருமி மனிதனுக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதுதான் புரியவில்லை. கெட்ட காற்று என்றார்கள், அழுக்கு என்றார்கள், ஏழைகளின் பழக்க வழக்கம் என்றார்கள். 1897-ல் ஒரு கடுமையான தொற்றுநோய்ச் சட்டமே வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரிகள் வீடு புகுந்து சோதனை போட்டார்கள், சாமான்களைக் கொளுத்தினார்கள், வெயில் படட்டும் என்று கூரைகளைப் பிரித்தார்கள். இவ்வளவு செய்தும் நோய் நின்றபாடில்லை. கராச்சியில் பால் லூயி சைமன் என்ற பிரெஞ்சு டாக்டர் 1898-ம் ஆண்டில் உண்மையைக் கண்டார். நோய் முதலில் எலிக்கு வருகிறது, எலி செத்ததும் அதன் மேல் இருந்த தெள்ளுப்பூச்சி மனிதனைக் கடிக்கிறது, கடித்த இடத்தில் கிருமி இறங்குகிறது. அவர் சொன்னதைப் பெரியவர்கள் ஒப்புக்கொள்ள இன்னும் பத்து ஆண்டுகள் போல ஆயின.

இதை ஒப்புக்கொண்டதும் கேள்வியே மாறிவிட்டது. எலி எங்கே இருக்கிறது? தானிய மூட்டை இருக்கும் இடத்தில். வளை தோண்ட மண் சுவரும், ஒளிந்துகொள்ள ஓட்டுக் கூரையின் இடுக்கும் இருக்கும் இடத்தில். ஒரு வீட்டில் துரத்தினால் அடுத்த வீட்டுக்குப் போகும்படி சுவர்கள் ஒட்டியிருக்கும் இடத்தில். அதாவது பிளாக்பள்ளி போன்ற இடத்தில். அங்கே குடியிருந்தவன் எவ்வளவு குளித்துச் சுத்தமாக இருந்தாலும், எலியும் அவனும் ஒரே கூரையின் கீழ்தான் படுத்தாக வேண்டும். குற்றம் மனிதனிடத்தில் இல்லை, வீட்டிடத்தில் இருக்கிறது என்று முதல் தடவையாகத் தெரிந்தது.

தண்டுப் பகுதியின் நெரிசலைக் குறைக்க ஃபிரேசர் டவுன் அமைக்கும் வேலை 1906-ல் தொடங்கி, 1910-ல் புதிய பேட்டை திறக்கப்பட்டது. அன்றைய ரெஸிடெண்ட் ஸ்டூவர்ட் ஃபிரேசரின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. அந்த வேலையோடு சம்பந்தப்பட்ட எஞ்சினியர் ஜே. எச். ஸ்டீபன்ஸ் 1914-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பிளேக் நுழைய முடியாதபடி பெங்களூரில் ஊர் அமைப்பது எப்படி என்பதுதான் அதன் தலைப்பின் சாரம். சென்னை மெதடிஸ்ட் அச்சகம் அதைப் பதிப்பித்தது. மருந்தைப் பற்றி டாக்டர் எழுதாமல், சுவரையும் தரையையும் பற்றி ஒரு எஞ்சினியர் எழுதிய சுகாதார நூல் என்ற வகையில் இது இந்தியாவிலேயே முன்னோடிகளில் ஒன்று. எலி துளைக்க முடியாத கல் தரை, வீட்டுக்கு வீடு இடைவெளி, வெளிச்சமும் காற்றும், அகலத் தெரு, ஓடும் சாக்கடை என்பவைதான் அந்தக் காலத்துப் புதுக் கொள்கை. இன்று எந்த எஞ்சினியரும் தூக்கத்தில் சொல்வார். அன்று அது புதுச் சேதி.

ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். நெரிசலைக் குறைக்கப் புதுப் பேட்டை அமைத்தால், அங்கே போய்க் குடியேறுகிறவன் யார்? பெரும்பாலும் மனைக்குப் பணம் கட்டி, விதிப்படி கல்லும் சுண்ணாம்பும் வைத்து வீடு எழுப்ப முடிந்தவன். நகரத்தின் மைசூர்ப் பகுதியில் பிளேக் பயத்தால் வேகமாக வளர்ந்த மல்லேஸ்வரம், பசவனகுடி பேட்டைகளின் கதையும் இதுதான். குமாஸ்தாவும் வியாபாரியும் போனார்கள். மூட்டை தூக்கியவன் பழைய சந்திலேயே இருந்தான். எலிக்குத் தடை கண்டுபிடித்த மூளை, வாடகைக்குத் தடை கண்டுபிடிக்கவில்லை. ஸ்டீபன்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் ஒரு படி ஏறினார். நோய்க்குக் காரணம் ஏழையின் ஒழுக்கமல்ல, அவன் குடியிருக்கும் இடம் என்பது அந்தப் படி.

இருமலும் பாட்டில் மருந்தும்

அடுத்த படியை ஏறியதும் பெங்களூரில்தான். பல்லாரி சாலையில் 1959-ம் ஆண்டு தேசிய காசநோய் நிலையம் தொடங்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனமும் குழந்தைகள் நிதியமும் உதவின. நாடெங்கும் காசநோயை எப்படிச் சமாளிப்பது என்று திட்டம் தீட்டுவதுதான் அதன் வேலை.

அந்தச் சமயத்தில் சென்னையில் ஒரு பெரிய உண்மை நிலைநாட்டப்பட்டது. அந்த நாளில் காசநோய் என்றால் தாம்பரம், மதனப்பள்ளி என்று சானடோரியத்தில் ஆண்டுக்கணக்கில் படுக்க வேண்டும். படுக்கையோ சிலருக்குத்தான் உண்டு. மற்றவர்கள் விதி முடியக் காத்திருப்பார்கள். 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி மையத்தார், நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குச் சானடோரியப் படுக்கையும் நல்ல சாப்பாடும் ஓய்வும். மற்றொரு பிரிவுக்கு, அவர்கள் வசித்த குடிசையிலேயே அதே மாத்திரைகள். ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரு பிரிவிலும் குணமானவர்கள் ஏறத்தாழ ஒரே விகிதம். வீட்டில் வைத்து வைத்தியம் செய்ததால் குடும்பத்தாருக்கு அதிகமாக நோய் ஒட்டவும் இல்லை. 1959-ல் இந்த முடிவு வெளியானதும் உலகெங்கும் சானடோரியங்கள் மூடத் தொடங்கின. சென்னைக் குடிசைவாசிகளின் உடம்பில் தெரிந்துகொண்ட பாடம் அது.

சரி, மருந்து வீட்டிலேயே சாப்பிடலாம். நோயாளியைக் கண்டுபிடிப்பது எப்படி? கிராமத்தானுக்கு இருமலின் அருமை தெரியாது, அவனைத் தேடிப்பிடித்துப் படம் எடுத்துத்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்பது பெரிய டாக்டர்களின் எண்ணம். பெங்களூர் நிலையத்தில் வேலை பார்த்த டாக்டர் தேவபர் பானர்ஜிக்கு அந்த எண்ணத்தில் திருப்தியில்லை. அவரும் ஆண்டர்ஸன் என்ற டென்மார்க்காரரும் பெங்களூரிலிருந்து எழுபது கிலோ மீட்டர் தொலைவிலுள்ள தும்கூர் மாவட்டக் கிராமங்களில், எக்ஸ்-ரேயும் சளிச் சோதனையும் மூலம் கண்டறியப்பட்ட நோயாளிகளின் வீட்டுக்கே விசாரணையாளர்களை அனுப்பிக் கேட்கச் செய்தார்கள்.

கிடைத்த விடை எல்லோரையும் வாயடைக்கச் செய்தது. சளியில் கிருமி இருந்தவர்களில் 100-க்கு 95 பேர் தம் உடம்பில் ஏதோ கோளாறு என்று அறிந்தே இருந்தார்கள். 72 பேர் அதை எண்ணிக் கவலைப்பட்டார்கள். 52 பேர் ஏதாவது ஒரு வைத்தியத்தைத் தேடிப் போயும் இருந்தார்கள். போன இடத்தில் பலருக்குச் சளிச் சோதனை இல்லை, படம் இல்லை. இருமல் மருந்து ஒரு பாட்டில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அறியாமை எங்கே இருந்தது என்று யோசிக்க வேண்டிய இடம் இது. அரைநாள் கூலியை விட்டு, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து, வரிசையில் நின்றவனைக் கலர் தண்ணீருடன் திருப்பி அனுப்பிவிட்டு, பிறகு அவன் வருவதே இல்லை என்று புத்தகத்தில் எழுதுகிறார்கள். பானர்ஜியும் ஆண்டர்ஸனும் தங்கள் முடிவை 1963-ல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளியிட்டார்கள். இருமலோடு தானாக வருகிறவனின் சளியைப் பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே சோதித்து, அங்கேயே இலவச மருந்து கொடுப்பது என்று நாட்டின் காசநோய்த் திட்டம் வகுக்கப்பட்டதற்கு இந்த நிலையத்தின் ஆராய்ச்சிகளே அடிப்படை.

பானர்ஜி பிறகு டில்லிக்குப் போய் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சமூக மருத்துவத் துறையை உருவாக்கினார். வறுமை, வர்க்கம், உடல்நலப் பண்பாடு ஆகிய மூன்றையும் தலைப்பிலேயே சேர்த்து அவர் எழுதிய நூல் 1982-ல் வந்தது. படிக்கக் கொஞ்சம் கரடுமுரடான புத்தகம்தான். பேராசிரியர்களின் நடை. ஆனாலும் பல மாநிலத்துக் கிராமங்களில் ஆள் வைத்துத் தங்கிப் பார்த்து எழுதியது. கிராமத்து ஜனங்கள் மந்திரம் மாயத்தில் மூழ்கிக் கிடந்து இங்கிலீஷ் மருந்தை வெறுக்கிறார்கள் என்ற கட்டுக்கதையை அது கிழித்துப் போட்டது. மருந்து கைக்கெட்டும் தூரத்தில், கைக்கெட்டும் விலையில் இருந்தால் ஏழை தயங்காமல் போகிறான் என்பது பானர்ஜியின் சாட்சியம்.

ராக்குவின் கதை

இந்த வரிசையில் தமிழர்களுக்கு மிக நெருக்கமான புத்தகம் 1984-ல் வந்தது. எழுதியவர் ஷீலா ஸர்பிரிக் என்ற கனடா நாட்டுப் பெண் டாக்டர். 1970-களின் பிற்பகுதியில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுகாதாரப் பணி செய்தவர். நூலின் பெயர் ‘ராக்குவின் கதை’ என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு. சென்னையில் அச்சாகி, பெங்களூரிலிருந்த சமூக நடவடிக்கை மையம் ஒன்றின் வழியாகப் பரவலாயிற்று.

ராக்கு நிலமில்லாத விவசாயக் கூலிப் பெண். கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. அவள் பட்ட பாடும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போன பயணமும், அவ்வளவுக்குப் பிறகும் அந்தக் குழந்தையை இழந்ததும்தான் கதை. கதை கொஞ்சம்தான், அதன்மேல் எழுப்பிய கேள்விகள்தான் மீதிப் புத்தகம்.

தாய்மார்களுக்கு நடத்தப்படும் சுகாதார வகுப்புகளில் சொல்கிறவை எல்லோருக்கும் மனப்பாடம். தண்ணீரைக் காய்ச்சிக் குடி. குழந்தைக்கு அடிக்கடி பால் கொடு. ஒரு நாளைக்கு ஐந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டு. நோய் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வா. நான்கும் நல்ல புத்திமதிகள்தாம். காலையில் வயலுக்குப் போய் இருட்டும் வேளையில் திரும்பும் பெண் எந்த நேரத்தில் ஐந்து தடவை ஊட்டுவாள்? குழந்தையைப் பார்த்துக்கொள்வது ஏழெட்டு வயது அக்காள். தண்ணீர் காய்ச்ச விறகு எங்கிருந்து வரும்? அறுவடைக் காலத்தில் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலியோடு போகாது, மறுநாள் அவளைக் கூப்பிடாமலும் போகலாம். ராக்கு தாமதித்தாள் என்றால், ஒரு குழந்தையின் உயிருக்கும் மற்றவர்களின் சோற்றுக்கும் இடையே அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள் என்று பொருள். “ஏம்மா, இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தாய்?” என்று எந்த ஆஸ்பத்திரி வரிசையிலும் கேட்கக்கூடிய அந்தக் கேள்விக்கு ஸர்பிரிக் ஒரு முழுப் புத்தகத்தால் பதில் சொன்னார் என்று வைத்துக்கொள்ளலாம்.

வயிற்றுப்போக்கு ஒரு கிருமியால் வருகிறது. பசித்த குழந்தையை அது கொல்கிறது, வயிறு நிறைந்த குழந்தை தப்பிப் பிழைக்கிறது. அப்படியானால் இறப்புச் சான்றிதழில் எதைக் காரணமாக எழுதுவது? இங்கிலாந்தில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து 1940-களில் வருவதற்கு வெகுகாலம் முன்பே, அந்த நோயால் சாகிறவர் தொகை பெரும்பங்கு குறைந்துபோய்விட்டது. கூலி உயர்ந்ததும், சாப்பாடும் வீடும் கொஞ்சம் நன்றானதும் காரணங்கள் என்று தாமஸ் மெக்கியோன் என்ற பேராசிரியர் 1976-ல் வெளியான தம் நூலில் வாதாடினார். அந்த வாதத்தில் எந்த அளவு சரி என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஸர்பிரிக்கின் முடிவு அந்தப் பக்கம்தான். கிராமத்தில் சுகாதார ஊழியரை நியமித்தால் மட்டும் போதாது, கூலியைக் கேட்டு வாங்கவும் ஆஸ்பத்திரியில் நியாயம் கேட்கவும் ஏழைகள் ஒன்று சேர்ந்தாலன்றிக் குழந்தைச் சாவு நிற்காது என்கிறார். இதற்காக அவரைக் கட்சிக்காரர் என்று சொன்னவர்களும் உண்டு. சொன்னவர்கள் ராக்குவின் கணக்குக்கு வேறு விடை காட்டினார்களா என்று பார்த்தால், காணோம்.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு நிலைமை முழுதும் மாறினால்தான் உண்டு என்று சொல்லும்போது, இன்றைக்கு மடியில் வாடிக் கிடக்கும் குழந்தைக்கு என்ன வழி என்ற கேள்வி கொஞ்சம் பின்னுக்குப் போய்விடுகிறது. வழி இல்லாமல் இல்லை. 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோய், டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை டிரம்மில் வைத்து, உறவினர்களையே டம்ளரில் கொடுக்கச் சொன்னார். 100-க்கு 30 பேர் போல இறந்துகொண்டிருந்த இடத்தில் 4 பேருக்கும் குறைவாயிற்று. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் சர்க்கரை தலைதட்டிய சிறு கரண்டி ஆறு, உப்பு அதே கரண்டியில் அரை. இதை விடாமல் கொடுக்க வேண்டும், தாய்ப்பாலையும் நிறுத்தக் கூடாது. சுகாதார நிலையத்தில் பொட்டலமாகவே கிடைக்கும். குழந்தை குடிக்க மறுத்தாலோ, கண் குழிந்து துவண்டாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ காத்திருக்கக் கூடாது, ஆஸ்பத்திரிதான்.

டாக்டர் இல்லாத இடத்தில்

இப்படிப்பட்ட சங்கதிகளைப் படம் போட்டு, பாமரனுக்கும் புரியும்படி எழுதிய புத்தகம் ஒன்று உலகையே சுற்றி வந்தது. டேவிட் வெர்னர் என்ற அமெரிக்கர் டாக்டரல்ல, உயிரியல் வாத்தியார். மெக்ஸிகோ நாட்டு மலைக் கிராமங்களில் நடந்து திரிந்தபோது ஜனங்கள் படும் பாட்டைக் கண்டு அங்கேயே தங்கிவிட்டார். அந்தக் கிராமத்தாருக்காக 1973-ல் ஸ்பானிஷ் மொழியில் எழுதியது, 1977-ல் ஆங்கிலத்தில் ‘டாக்டர் இல்லாத இடத்தில்’ என்று பொருள்படும் தலைப்புடன் வந்தது. எண்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வெளியாயிற்று. தமிழும் அவற்றில் ஒன்று. இந்திய நிலைமைக்கு ஏற்ற பதிப்பை இந்தியத் தன்னார்வ சுகாதாரச் சங்கம் வெளியிட்டது.

மற்ற நூல்களுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மற்றவை ஏழையைப் பற்றிப் படித்தவனிடம் பேசுகின்றன. இது ஏழையிடமே பேசுகிறது. எந்த ஊசி வீண், எந்த டானிக் காசுக்குக் கேடு என்று வெளிப்படையாகச் சொல்கிறது. காய்ச்சல் என்று போனாலே ஊசி போட்டால்தான் திருப்தி என்று நினைக்கும் நம்மவர்கள் அந்தப் பக்கங்களை ஒருமுறை படிப்பது நல்லது. மருந்துகளின் பெயரும் அளவும் காலத்துக்குக் காலம் மாறுவதால் பழைய பதிப்பை நம்பி மாத்திரை விழுங்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ராக்குவின் கதை வந்த அதே 1984-ல், செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியிலிருந்து வெளியேறிய டாக்டர் ரவி நாராயண், டாக்டர் தெல்மா நாராயண் முதலியோர் பெங்களூரில் சமுதாய சுகாதாரக் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரி கட்டவில்லை. கிராமங்களிலும் சேரிகளிலும் வேலை செய்கிறவர்களுக்குப் புத்தகமும் பயிற்சியும் யோசனையும் தருவதே தொழில் என்று வைத்துக்கொண்டார்கள். அதன் கிளையாக வளர்ந்த சமுதாய சுகாதார நூலகம், இந்தத் துறையில் தென்னாட்டில் குறிப்பிடத்தக்க ஒன்று. பெங்களூரில் நூலகம் என்றால் கப்பன் பூங்காவின் சிவப்புக் கட்டடமும், அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்க நூலகமும்தான் பலருக்கு நினைவு வரும். இப்படியும் ஒன்று உண்டு.

அரிசியும் பருப்பும்

புத்தகங்கள் சொன்னது சரிதானா என்று சோதித்துப் பார்த்த கதை 2023-ல் வெளிவந்தது. மங்களூரைச் சேர்ந்த டாக்டர் அனுராக் பார்கவாவும், சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிலையத்தாரும் சேர்ந்து ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் ஓர் ஆராய்ச்சி நடத்தினார்கள். 1956-ல் தொடங்கிய அதே சென்னை மையம்தான் அது. காசநோயாளிகள் எல்லோருக்கும் மருந்தோடு உணவுப் பொருளும் கொடுத்தார்கள். பாதிப் பகுதியில் அந்த வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் தந்தார்கள். அரிசி பருப்பு கிடைத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் கண்டவர்கள் 100-க்கு 39 பங்கு குறைவு. ஊசியில்லை, புது மருந்தில்லை. ரேஷன் கடையில் கிடைக்கிற பொருள். ராக்குவைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியமில்லை, ஆனால் ஆராய்ச்சி என்ற முத்திரை விழுந்தால்தான் சில காதுகளில் ஏறும்.

காசநோயாளிகளுக்குச் சத்துணவுக்காக மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது, 2024 நவம்பர் முதல் அதை 1000 ரூபாயாக்கியது. சிகிச்சை நடக்கும் காலம் முழுதும் நோயாளியின் பாங்குக் கணக்கில் விழ வேண்டிய பணம் இது. ஊர் விட்டு ஊர் வந்து வேலை செய்கிறவர்களுக்கும் உண்டு. சிகிச்சை எந்த ஊரில் நடக்கிறதோ அங்கே பதிவு செய்துகொள்ள வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை என்றால் அரசு ஆஸ்பத்திரியில் சளிச் சோதனை இலவசம். பாட்டில் மருந்து கொடுத்து அனுப்பினால், சளியைச் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம். 1960-களில் தும்கூர்க் கிராமத்தாருக்கு அப்படிக் கேட்கலாம் என்று சொல்ல ஆளில்லை.

இவற்றைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டீபன்ஸின் பிளேக் புத்தகம் காப்புரிமைக் காலம் கடந்தது. இணையத்தில் முழுதாகப் பார்க்கலாம். அந்த நாளைய தண்டின் நிலைமையை அதில் காணலாம். பானர்ஜியும் ஆண்டர்ஸனும் எழுதிய கட்டுரையும் செலவில்லாமல் கிடைக்கிறது. இருபது பக்கத்துக்குச் சற்றுக் குறைவு, ஆங்கிலம் அவ்வளவு கடினமில்லை, ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் முடித்துவிடலாம். வெர்னரின் புத்தகத்தை அதை வெளியிடும் நிறுவனமே இணையத்தில் படிக்க விட்டிருக்கிறது. ராக்குவின் கதைதான் கடையில் கிடைப்பது அபூர்வம். பழைய புத்தகக் கடைகளில் கண்ணில் பட்டால் விலை பேசாமல் வாங்கலாம்.